வெள்ளி இரவு என்றால் வியாழன்: பினாங்கில் முதல் கவ்வாலிக்குப் போகிறவருக்கு

என் முதல் கவ்வாலியை, சூஃபி அன்பர்கள் கூடிக் கேட்கும் பக்திப் பாட்டை, நான் கேட்கவே இல்லை. சூலியா தெருவில் அத்தர்க் கடை வைத்திருந்த நானா, "வெள்ளி இரவு, இஷா தொழுகைக்குப் பிறகு, மாடிக்கூடத்தில்" என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எட்டரை மணிக்குப் போய் நின்றேன். கதவில் பூட்டு. கீழே கடைப்பலகையை ஏற்றிக்கொண்டிருந்த நானா என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "தம்பி, வெள்ளி இரவுதான் நேற்றே போய்விட்டதே!"

இஸ்லாமிய நாள்காட்டியில் சூரியன் மறையும்போது அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. வியாழக்கிழமை பொழுது சாய்ந்தால் அது வெள்ளி இரவு. ஞாயிறு பொழுது சாய்ந்தால் திங்கள் இரவு. யாராவது வாய்வார்த்தையாக அழைத்தால் ஆங்கிலத் தேதி என்ன என்று ஒரு முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எந்த மாதிரியான இரவு?

அடுத்த வேலை, எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்வது. பினாங்கில் ‘சூஃபி இசை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதமான இரவுகள் இருக்கின்றன.

ஒன்று, டிக்கெட் வாங்கிப் போகும் அரங்க நிகழ்ச்சி. இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ ஒரு குழு வரும். நாற்காலி, விளக்கு, இடைவேளை எல்லாம் உண்டு. இதில் புதியவருக்குக் குழப்பமே இல்லை. 2010-இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் விழா போன்ற கலைவிழாக்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து வைப்பது நல்லது. அரங்கில் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் தாமதமாகப் போகாதீர்கள். இதற்கு மேல் அரங்கத்துக்கு வழிகாட்டி தேவையில்லை.

இரண்டாவது, விரிப்பில் உட்கார்ந்து கேட்கும் மஹ்ஃபில். யாராவது ஒருவர் வீட்டிலோ சங்கக் கட்டடத்திலோ அழைப்பின் பேரில் நடப்பது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

மூன்றாவது நம் தமிழ் முஸ்லிம்களுடையது: மவ்லிது, ராத்திபு, பைத்து என்று கூடி ஓதும் புகழ்ப்பாட்டுகளும் துதிகளும். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிற நாகூர் தர்கா ஷரீபை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது; சுவரோடு ஒட்டிச் சிறு கடைகள் இருக்கும். அங்கே அடக்கத்தலம் கிடையாது. நாகூர் நாயகம் எனப்படும் ஞானி ஷாஹுல் ஹமீது பாதுஷா அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் எஜமானின் நினைவுக்காக எழுப்பிய இடம் இது. இஸ்லாமிய நாள்காட்டியில் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும், கந்தூரி என்ற ஆண்டுவிழாவுக்குக் கொடி ஏறும். ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு என்பதால், சென்ற ஆண்டு போன தேதிக்கே இந்த ஆண்டும் போய் நிற்காதீர்கள்.

மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. "கவ்வாலி எங்கே?" என்று மவ்லிது சபையில் கேட்டால் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். கவ்வாலி தில்லி, அஜ்மீர்ப் பக்கத்துச் சிஷ்தி என்ற சூஃபி வழியினரின் சொத்து. மொழியும் உருது, பாரசீகம், பஞ்சாபி, பிரஜ் என்று போகும். தமிழ்நாட்டுக் கரைகளில் வேரூன்றியது பெரும்பாலும் காதிரி என்ற இன்னொரு சூஃபி வழி. மவ்லிதில் ஹார்மோனியம் இருக்காது. ராத்திபு சபையில் தப்ஸ் என்ற கைப்பறை உண்டு, சில சபைகளில் அதுவும் கிடையாது. இசைக்கருவி கூடுமா கூடாதா என்பது முஸ்லிம்களுக்குள்ளேயே பல நூற்றாண்டுகளாக நடக்கும் வாதம். விருந்தாளியாகப் போகிற நீங்கள் அதில் தலையிட வேண்டியதில்லை.

ஆனால் நாகூருக்கும் வடநாட்டு இசைக்கும் ஓர் உறவு இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. நாகூர் நாயகத்தின் குரு என்று மரபு சொல்வது குவாலியர் முகம்மது கவுஸை. அந்தக் கவுஸின் கல்லறைக்குப் பக்கத்திலேயே குவாலியரில் இன்னொரு சிறிய கல்லறை இருக்கிறது. அக்பர் அவையின் தான்சேன் அடங்கிய இடம் அது. சூலியா தெரு மூலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

போவதற்கு முன்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். நம் ஊரில் இஷா பாங்கு எட்டரையையொட்டித்தான் வரும். அது முடிந்து, தொழுது, தேநீர் குடித்து, பெரியவர்கள் வந்து சேர்ந்து உட்கார ஒன்பதரை ஆகிவிடும். நடுநிசிக்கு முன்னால் எழுந்துவரலாம் என்ற கணக்கோடு போகாதீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து படகில் வருகிறவர்கள் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கோலாலம்பூரிலிருந்து இரயிலில் வருகிறவர்கள் அன்றிரவு பினாங்கிலேயே தங்கிவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் இரயில் பயணம் செய்து வந்துவிட்டுப் பாதியில் எழுந்து போவதில் என்ன இருக்கிறது?

உடை எளிது. ஆண்களுக்கு முழுக்கால்சட்டையோ கைலியோ, கையுள்ள சட்டை. பெண்களுக்கு உடம்பை மூடிய உடையும் தலைக்கு ஒரு முக்காடும். முக்காட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே மற்றவர்களைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்குவதும் உண்டு, சேர்ந்து உட்காருவதும் உண்டு. அழைத்தவரிடம் முன்பே கேட்டுவிட்டால் வாசலில் தடுமாற வேண்டாம். கனத்த வாசனைத் திரவியம் வேண்டாம். உள்ளே நுழையும்போதே யாராவது உங்கள் மணிக்கட்டில் அத்தரைத் தடவிவிடுவார்கள், இரண்டும் கலந்தால் தலைவலிதான்.

செருப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடிப் பாதையில் நூறு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவில், மழையும் பெய்துவிட்டால், நம்முடையதைத் தேடுவது பெரும்பாடு. முழங்கால் வலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் சுவரோரத்து நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். கால் நீட்டிக்கொண்டு பாடகர்கள் பக்கம் பாதத்தைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, சில்லறை. நீல நிற ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகள் ஒரு பத்தாவது வேண்டும். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கைப்பேசியில் பத்துப் பதிவுகளைக் கேட்டுத் தயாராகிப் போகலாமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். அதற்குப் பதிலாக ஏழெட்டுச் சொற்களைக் கற்றுக்கொண்டு போங்கள். மவ்லா என்றால் தலைவன், உரியவன். குவாஜா என்று உருகினால் பெரும்பாலும் அது 1236-இல் மறைந்த அஜ்மீரின் முயீனுத்தீன் சிஷ்தி. இஷ்க் என்றால் காதல், சாதாரணக் காதலைவிட ஆளை விழுங்குகிற காதல். மைகானா என்றால் மதுக்கடை, சாகி என்றால் மது ஊற்றுகிறவர். இதைக் கேட்டு யாரும் திகைக்க வேண்டாம். மது என்பது இறைக்காதல், ஊற்றுகிறவர் குரு. தெய்வத்தைக் காதலியாக வைத்துப் பாடியது நமக்கும் புதிதல்ல. தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக்கித் தமிழிலேயே ஏங்கியிருக்கிறார். தாயுமானவர் பராபரக்கண்ணியை அறிந்தவருக்கு மஸ்தான் சாகிபின் கண்ணிகள் அந்நியமாக ஒலிக்கமாட்டா.

எங்கே உட்காருவது

முதல் வரிசையில் உட்காராதீர்கள். அது பெரியவர்களுக்கும், பாடலின் சொல் தெரிந்தவர்களுக்கும் உரியது. காரணம் மரியாதை மட்டும் இல்லை. கவ்வால் முன்வரிசை முகங்களைப் பார்த்துத்தான் பாடுகிறார். எந்த வரிக்கு எந்தத் தலை அசைகிறது, எந்தக் கண் கலங்குகிறது என்று பார்த்து அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் பிடிப்பார். நான் இரண்டாம் முறை போனபோது ஆர்வத்தில் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை புரியாமல் கல்போல இருந்த என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் மூன்று பாடல்களை மாற்றினார். இடைவேளையில் நானா என் தோளைத் தொட்டு நான்காவது வரிசைக்கு அழைத்துக்கொண்டு போனார். அதன் பிறகுதான் கச்சேரி சூடு பிடித்தது.

நான்காவது வரிசை, சற்றுப் பக்கவாட்டில்: புதியவருக்கு அதுதான் சரியான இடம். அங்கிருந்து பாடகர்களையும் பார்க்கலாம், கேட்கிறவர்களையும் பார்க்கலாம். இரண்டாவதைப் பார்த்தால்தான் முதலாவது புரியும். சமாவுக்கு, அதாவது சூஃபிகள் கூடி இசை கேட்பதற்கு, மூன்று வேண்டும் என்று பக்தாதின் சூஃபி ஜுனைது சொன்னதை இமாம் கஸ்ஸாலி எழுதி வைத்திருக்கிறார்: தகுந்த நேரம், தகுந்த இடம், தகுந்த கூட்டாளிகள். பாடகரின் குரல் இந்தப் பட்டியலில் இல்லை.

பாட்டு தொடங்கியதும்

எட்டு ஒன்பது பேர் இரண்டு வரிசையாக உட்கார்வார்கள். முன்னால் தலைமைப் பாடகரும் ஹார்மோனியக்காரர்களும். பின்னால் தபலாவோ டோலக்கோ வாசிப்பவரும், கைதட்டிக்கொண்டு பின்பாட்டுப் பாடுகிறவர்களும். முதலில் பாட்டே வராது. ஹார்மோனியம் மட்டும் மெட்டைக் காட்டும். பிறகு தாளம் இல்லாமல் ஒரு குரல் மெதுவாக எழும். நம் ஆலாபனையும் விருத்தமும் கலந்தது போல இருக்கும். பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில்தான் கைப்பேசியை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். முதல் இருபது நிமிடங்கள் அடுப்பு மூட்டுகிற வேலை.

வரிசைக்கு ஒரு முறை உண்டு. முதலில் இறைவனைப் புகழும் ஹம்து, அடுத்து நபிகளைப் புகழும் நாத்து, பிறகு வலிமார்கள் என்ற இறைநேசர்களைப் புகழும் மன்கபத்து. காதலும் மதுவும் பேசும் கஸல்கள் அதற்குப் பின்னால் வரும். கவ்வாலி என்ற பெயரே ‘கவுல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ‘சொன்னது’ என்று பொருள். நபிகள், தம் மருமகன் அலியைப் பற்றிச் சொன்ன ‘மன் குன்து மவ்லா’ என்ற வாக்கை, தில்லியின் நிஜாமுத்தீன் அவுலியாவின் சீடர் அமீர் குஸ்ரோ பாட்டில் அமைத்தார் என்பது மரபு. குருவும் சீடரும் 1325-இல் ஒரே ஆண்டில் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். அந்தப் பாட்டில் நடுவே பொருளில்லாத அசைகள் துள்ளிக்கொண்டு வரும். தரானா என்பார்கள். நம் தில்லானா அதன் உறவுதான். கேட்டதும் உங்கள் கால்விரல் தானே அசையும்.

இனி மொழி தெரியாமல் எப்படிப் பின்தொடர்வது என்பதற்கு வருகிறேன். பல்லவியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். இதைத் தக்ரார் என்பார்கள். ஐந்தாவது முறையில் அந்த வரி உங்கள் வாயிலேயே வந்துவிடும். பிறகு பாடகர் திடீரென்று அந்த வரியை விட்டுவிட்டு வேறெங்கிருந்தோ ஒரு ஈரடிக் கவிதையைக் கொண்டுவருவார். வேறு கவிஞர், சில வேளை வேறு மொழி. அதன் கடைசிச் சொல்லைப் பழைய பல்லவியின் முதல் சொல்லோடு கொண்டுவந்து முடிச்சுப் போடுவார். அதற்கு கிரஹ் என்று பெயர், முடிச்சு என்பதே அந்தச் சொல்லின் பொருள். முடிச்சு விழும் கணத்தில் கூட்டம் ‘வாஹ்’ என்று பெருமூச்சுவிடும். கர்நாடகக் கச்சேரியில் நிரவலும் கற்பனை ஸ்வரமும் கேட்டுப் பழகிய காது இந்தக் கணத்துக்குத் தானாகவே தயாராகிவிடும். எடுப்பில் வந்து விழுகிற சுகம் இரண்டிலும் ஒன்றுதான். ஸ்வரம் பாடுகிறவர்களும் உண்டு. 1997-இல் மறைந்த பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் பதே அலி கான் அதில் காட்டிய வேகம் பெயர்பெற்றது.

தாளத்துக்காகத் தவிக்க வேண்டாம். பெரும்பாலும் எட்டு எண்ணிக்கை, சில பாடல்கள் ஆறு. உங்கள் கையில் தாளம் போட்டுக்கொள்ளுங்கள், சத்தம் வராமல்.

ஒருமுறை பின்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை மட்டுமே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதிருக்கும். அவருக்கு ஹார்மோனியம் இல்லை, தனிப்பாட்டு இல்லை, வேலை கைதட்டுவது. இரு உள்ளங்கைகளையும் இலேசாகக் குவித்துத் தட்டுகிறார். தட்டையான கையில் ‘பட்’ என்று வருகிற ஒலி, குவித்த கையில் ‘தொம்’ என்று நிறைந்து வருகிறது. தாளம் முடுக்கேறும்போது முழங்கை அசையாது, மணிக்கட்டு மட்டும் போகிறது. ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குவதற்குள் கைகளைத் தொடையில் தேய்த்துக்கொள்வார், சூடான தோசைக்கல்லைத் தொட்டவர்போல. அந்த ஒருவர் ஒரு முறை தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது கூடமே ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் இருந்தது. நீங்களும் கைதட்ட ஆசைப்படுவீர்கள். அவர்கள் அழைத்தால் தட்டுங்கள். அழைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அந்தக் கைகளுக்கு நடுவில் நம் கை தப்பாகத்தான் விழும்.

யாராவது எழுந்துவிட்டால்

நள்ளிரவை நெருங்கும்போது கூட்டத்தில் ஒருவர் ஒரு வரியில் சிக்கிக்கொள்வார். அழுவார், கை தூக்குவார், சில வேளை எழுந்து சுழல்வார். முதல்முறை பார்க்கிறவருக்கு மிரட்சியாக இருக்கும். "சாமி வந்துவிட்டதா?" என்று நானாவின் காதில் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் திருத்தினார்: யாரும் அவருக்குள் வரவில்லை, அவர்தான் எங்கோ போயிருக்கிறார், ஹால் என்று சொல்ல வேண்டும்.

அப்போது நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெரியவர்கள் எழுந்து நின்றால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். அவரைப் பிடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தூண், நாற்காலியில் மோதாமல் பார்த்துக்கொள்வார்கள். படம் எடுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாடகர் அந்த வரியை விடவே மாட்டார், விடக்கூடாது என்பது முறை. அந்த மனிதர் தணிந்து உட்காரும் வரை அதே வரிதான். பதினைந்து நிமிடம் ஒரே வரி ஓடியதைக் கேட்டிருக்கிறேன், சலிப்பு வரவில்லை.

நீல நோட்டுகள்

பாட்டுக்கு நடுவே ஒருவர் எழுந்து போய்ப் பணம் வைப்பார். நஜ்ர் என்பது அதன் பெயர். சினிமாவில் பார்த்ததுபோல நோட்டுகளை வீசுவார்கள் என்று நினைத்து நானும் ஒரு முறை கையை ஓங்கினேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், நல்லவேளை. சில ஊர்களில் நோட்டு மழை உண்டுதான். நான் போன சபைகளில் இல்லை. குனிந்து நடந்து போய், சபைக்குத் தலைமையாக உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கையில் இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பாடகர்களிடம் சேர்ப்பார். அப்படிப் பெரியவர் இல்லாவிட்டால் ஹார்மோனியத்துக்கு முன்னால் இருக்கும் துணியில் வைத்துவிட்டு முதுகைக் காட்டாமல் இரண்டடி பின்வாங்கித் திரும்புங்கள். ஒரு வெள்ளி வைத்தாலும் போதும். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஐம்பது வெள்ளியை ஒரே முறை வைப்பதைவிட, பிடித்த வரி வரும்போதெல்லாம் ஒவ்வொரு வெள்ளியாக வைப்பதுதான் அழகு. எந்த வரி உங்களைத் தொட்டது என்று பாடகருக்கும் தெரியும்.

முடிந்த பிறகு

கடைசியில் துஆ என்ற பிரார்த்தனை ஓதுவார்கள். நீங்கள் எந்தச் சமயத்தவரானாலும் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். கை ஏந்துவதும் ஏந்தாததும் உங்கள் விருப்பம். பிறகு சீரணி வரும்: பேரீச்சம்பழமோ, பூந்தியோ, காகிதத்தில் கட்டிய சர்க்கரையோ. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாடகரிடம் போய்ப் பேச நினைத்தால் இன்று முதல்முறை கேட்கிறேன் என்று சொல்லுங்கள். தொண்டை கட்டியிருக்கும் மனிதரிடம் நீண்ட கேள்வி கேட்காதீர்கள். வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று அவர் உங்களைத்தான் கேட்பார்.

அந்த நேரத்தில் பசி எடுக்கும். ஜார்ஜ்டவுனில் விடிய விடியத் திறந்திருக்கும் நாசி கண்டார் கடைகள் உண்டு. காவடிபோல் தோளில் தண்டு போட்டு, இருபக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் கொடுத்த சாப்பாடு அது. கண்டார் என்றால் அந்தத் தண்டுதான். கோழியா ஆட்டிறைச்சியா என்று நின்று யோசிக்காமல், குழம்பு எல்லாவற்றையும் கலந்து ‘பஞ்சிர்’ என்று சொல்லிவிடுங்கள். தட்டு வெள்ளத்தில் மிதக்கும். கைதட்டிய அந்தப் பெரியவரை அன்றிரவு அப்படி ஒரு கடையில்தான் மறுபடி பார்த்தேன். தே தாரிக் கிளாஸைக் கையில் பிடிக்க முடியாமல், மேசைமேலேயே விட்டுவிட்டுக் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.